குளத்தில் ஆற்றுவாழை அகற்றுவது: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு சின்னக் குளத்தில் போன வருஷம் இருபது பேர் இரண்டு நாள் நின்று ஆற்றுவாழை (தண்ணீரில் மிதந்து பரவும் களை) இழுத்தோம். மாரி முடிந்து போய்ப் பார்த்தால் குளம் முழுக்க மறுபடியும் ஊதாப் பூ. இந்த வருஷம் திரும்பவும் இறங்கினோம். இதுவரை தண்ணீர் தெரிகிறது.

1. அனுமதி. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் குளம் என்றால் கமநல சேவை நிலையம். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். கடிதத்துக்கு முன் வட்டவிதானையை (வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர்) பாருங்கள். எந்த மூலை ஆழம், முதலை எங்கே கிடக்கும், யானை எந்தப் பக்கத்தால் வரும் என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். குளத்தில் வலை போடுகிறவர்களிடமும் நாளைச் சொல்லிவிடுங்கள்.

2. காலம். ஆவணி, புரட்டாதி. சிறுபோகம் வெட்டி, குளம் வற்றிக் கிடக்கும். கச்சான் காற்று வேறு செடியையெல்லாம் கிழக்கே தள்ளி ஒதுக்கிவிடும், பாதி வேலை மிச்சம்.

3. சாமான். நீளமான கொக்கத்தடி, கயிறு, உரப்பை. பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) கொண்டுவரலாமே என்பார்கள். எனக்கு விருப்பமில்லை, செடியோடு குளக்கட்டு மண்ணையும் சேர்த்து வாரிவிடும். பூட்ஸ் சேற்றில் மாட்டும், கயிறு கட்டிய பழைய சப்பாத்து நல்லது. காலில் புண் உள்ளவர் கரையில் நிற்கட்டும். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை வேண்டுமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், குளத்தில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

4. இழுத்ததை எங்கே போடுவது? நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். எங்கள் குளத்தின் கட்டு கிழக்கில். செடியும் அங்கேதான் ஒதுங்கியது. தூக்கிச் சுமக்கப் பஞ்சிப்பட்டு கட்டின் உட்சரிவிலேயே குவித்தோம். மேலே காய்ந்து சருகாகத்தான் தெரிந்தது, குவியலுக்குள்ளே தண்டு பச்சை. மார்கழியில் தண்ணீர் ஏறியதும் குவியல் அப்படியே மிதந்து போய்விட்டது.

ஆகவே முதலில் வான் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) எந்த மட்டத்தில் பாயும் என்று பாருங்கள். குளம் நிரம்பினாலும் தண்ணீர் தொடாத மேட்டில், வாய்க்காலுக்குத் தள்ளி, செடியைக் கொட்டுங்கள். இதற்கு உழவு இயந்திரப் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். குவிக்காமல் மெல்லிய படையாகப் பரப்பி, வேர் மேலே பார்க்கப் புரட்டிவிடுங்கள். தண்டை ஒடித்துப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால் இன்னும் சாகவில்லை. செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், காய்ந்தால் மலை மடுவாகிவிடும். பூக்காததை மாட்டெருவோடு அடுக்கிப் பசளையாக்கலாம்.

பூ அழகு என்று வீட்டுத் தொட்டிக்கு ஒன்றுகூட எடுக்காதீர்கள். அழகுச் செடியாக வந்து பரவத் தொடங்கியதால்தான் 1909 இலேயே இதற்கென்று ஒரு கட்டளைச்சட்டம் போட்டார்கள்.

5. திரும்பப் போவது. விதை சேற்றுக்குள் பல வருஷம் கிடக்கும். வயலிலிருந்து உரம் கரைந்து வரும் குளத்தில் இரண்டு கிழமையில் செடி இரட்டிப்பாகும். மழைக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாலு பேர் கரையோரம் நடந்து குஞ்சுச் செடியைக் கையால் பிடுங்கினால் போதும்.

பின்சேர்க்கை: களைநாசினி அடித்தால் என்ன என்று அம்பாறையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். செத்த செடி அடியில் அழுகி, தண்ணீரில் உள்ள ஒட்சிசனைத் தின்று மீனைக் கொன்றுவிடும். மாடு குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

இன்னொருவருக்கு ஆற்றுவாழை இல்லை, சல்வீனியாவாம் (தண்ணீரில் மிதக்கும் சிறு பன்னம்). அதற்குக் கொக்கத்தடி உதவாது, துண்டு துண்டாக உடைந்து ஒவ்வொரு துண்டும் முளைக்கும். கண் சிறுத்த பழைய வலையால் வளைத்து மெதுவாகக் கரைக்கு இழுங்கள். கரையேற்றியபின் வலையையும் வெயிலில் நன்றாகக் காயவிட்டே அடுத்த குளத்துக்குக் கொண்டுபோங்கள்.