அகச்சிவப்பு விளக்கு ஒத்தடம்: மரத்துப்போன காலுக்கு வேண்டாம்

இடுப்புவலி, கழுத்துப்பிடிப்புக்கு அகச்சிவப்பு விளக்கு நல்லதுதான். சூடு பட்டதும் ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், வலி கொஞ்ச நேரம் அடங்கும். மூட்டுத் தேய்மானத்தை அது சரிசெய்யாது.

விளக்குக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு அடி இடைவெளி விடுங்கள். 15 நிமிடம் போதும். வலித்தைலம் தடவியிருந்தால் முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகலாம்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். அவர்களுக்குச் சுடுவதே தெரியாது. அப்புறம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் புரியும், அந்தப் புண் ஆற மாதக்கணக்காகலாம். நேற்றுச் சுளுக்கி இன்னும் வீங்கியிருக்கும் இடத்துக்கும் சூடு ஆகாது, ஐஸ்தான். தினமும் ஒரே இடத்தில் காட்டி, தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.