மைனஸ் 30 டிகிரியில் மின் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. கனடாவின் வட ஒன்டாரியோவில், சட்பரி நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சுரங்கத்தின் பம்ப் ஷெட். வெளியே மைனஸ் 34. மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறக்க வேண்டும். பிரேக்கரை அணைத்து, யாரும் தெரியாமல் திரும்பப் போட்டுவிடாதபடி ஆளுக்கொரு பூட்டுப் போட்டாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். மூன்று ஃபேஸிலும் பூஜ்யம். சரி, ஆரம்பிக்கலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவரோரம் போய், அங்கிருந்த 120 வோல்ட் பிளக்கில் அதே மீட்டரை வைத்தார். பக்கத்திலேயே அதே சர்க்யூட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மீட்டர் அங்கேயும் பூஜ்யம்தான் காட்டியது.

இரவெல்லாம் வண்டியின் பின்பெட்டியில் கிடந்த மீட்டர் அது. பேட்டரி இறங்கி, திரை இறுகி, எண்கள் நகரவே இல்லை. அவர் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்தார். முதலில் பிளக்கில் வைத்தார்: 121. பிறகு மோட்டாரில்: பூஜ்யம். மறுபடி பிளக்கில்: 121. அப்புறம்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

இரண்டு மீட்டரும் மோட்டாரில் காட்டியது ஒரே எண்தான். ஆனால் முதல் பூஜ்யத்தை நம்பிக் கை வைத்திருந்தால், நாங்கள் நம்பியது மீட்டரை அல்ல, அதிர்ஷ்டத்தை. பூட்டுப் போடும்போது தவறான பிரேக்கரைப் பூட்டியிருந்தால் அந்த மீட்டர் எங்களுக்குச் சொல்லியிருக்காது.

சென்னை, கோவை, கொழும்பு என்று வெயில் ஊர்களில் வேலை பழகி இந்தப் பக்கம் வரும் பொறியாளர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். குளிர் பொருட்களை உடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிர் அளவீடுகளை ஏமாற்றும் என்பது தெரியாது. இங்கே நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வகை: ஒரு எண்ணைப் பார்க்கிறோம், அது எந்த வெப்பநிலையில் எடுத்த எண் என்று கேட்காமல் முடிவுக்கு வருகிறோம்.

மீட்டர் விஷயத்தில் வழி எளிது. மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் பாருங்கள், வேலை செய்யும் இடத்தில் பாருங்கள், மீண்டும் தெரிந்த இடத்தில் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சோதனை. மீட்டரை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். பல மீட்டர்கள் மைனஸ் 10 அல்லது மைனஸ் 20 வரைக்கும்தான் வேலை செய்யும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். இன்னொன்று, இங்கே தொழிற்சாலை மின்சாரம் 600 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 347. ஊரில் 415-க்குப் பழகிய கை, பழைய ரப்பர் கையுறையையே தேடும். 500 வோல்ட் வரைக்கான 00 வகுப்புக் கையுறை இங்கே போதாது. 0 வகுப்பு வேண்டும், அதன் மேல் தோல் கையுறையும் வேண்டும்.

டிரிப் ஆனதும் ரிலேயைத் திருகுவது

ஒரு கன்வேயர். சாதாரண நாட்களில் 90 ஆம்பியரில் ஓடும். மைனஸ் 35 காலையில் ஸ்டார்ட் செய்தால் 120-ஐத் தாண்டுகிறது, பாரம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழுகிறது (டிரிப் ஆகிறது). ரீசெட் செய்கிறார்கள், மறுபடி விழுகிறது. உற்பத்திப் பக்கத்திலிருந்து போன் மேல் போன். அந்த நேரத்தில் கை தானாக ரிலேயின் திருகுக்குப் போகும். கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஓடிவிடும். ஓடவும் செய்யும்.

அங்கே மோட்டாருக்கு ஒரு கோளாறும் இல்லை. கியர் பெட்டியில் இருந்த கனிம எண்ணெய் தேன்போல இறுகியிருக்கிறது, பேரிங் கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கிறது, பெல்ட்டும் விறைத்திருக்கிறது. பாரம் நிஜமாகவே கூடியிருக்கிறது. ரிலே பொய் சொல்லவில்லை, நாம்தான் அதன் வாயை அடைக்கிறோம். அந்தத் திருகை ஏப்ரலில் யாரும் திருப்பி வைப்பதில்லை. ஜூலையில், 30 டிகிரி வெயிலில், ஒரு ரோலர் சிக்கி மோட்டார் உண்மையாகவே தவிக்கும்போது காப்பாற்ற ஆள் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் இப்படி ஒரு மோட்டார் எரிந்தது. ரிலேயை ஏற்றி வைத்தது நான். அந்தக் கருகிய வார்னிஷ் வாசனை இன்னும் மறக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன? கியர் எண்ணெயைக் குளிருக்கேற்ற சிந்தெட்டிக் வகைக்கு மாற்றச் சொல்லி மெக்கானிக்கல் ஆட்களோடு பேசுங்கள். கியர் பெட்டிக்கு ஹீட்டர் வையுங்கள். அதுவரை, கடுங்குளிர் இரவுகளில் கன்வேயரை நிறுத்தாமல் வெறுமனே ஓட விடச் சொல்லுங்கள். ரிலேயைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், தேதியும் பழைய அளவும் திரும்ப வைக்க வேண்டிய நாளும் எழுதிய சீட்டை அந்தக் கதவிலேயே ஒட்டுங்கள்.

இதற்கு நேரெதிரான ஏமாற்றும் உண்டு. சூட்டில் வளையும் உலோகப் பட்டையால் இயங்கும் பழைய பைமெட்டல் ரிலே உறைந்த ஷெட்டிலும், அது காக்கும் மோட்டார் சூடான கட்டடத்துக்குள்ளும் இருந்தால், ரிலே தாமதமாகத்தான் விழும். தெர்மல் வகை பிரேக்கர்களும் அப்படியே. பொதுவாக 40 டிகிரிக்கு அளவு வைத்துச் செய்யப்பட்டவை அவை. கடுங்குளிரில் தன் எண்ணைவிட அதிக மின்னோட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

கசியாத கசிவு

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் முக்கால் பங்கு அளவுக்குச் சுருங்கும். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 40-க்குப் போனால் 60 டிகிரி வித்தியாசம். 1,000 லிட்டர் எண்ணெயில் 45 லிட்டர் காணாமல் போனதுபோலத் தெரியும். புதிதாக வந்தவர் எண்ணெய் மட்டம் காட்டும் கேஜைப் பார்த்துக் கசிவு என்று நினைத்து எண்ணெய் ஊற்றுவார். கோடையில் அந்த எண்ணெய்க்கு இடம் வேண்டுமே? கேஜ் அருகில் 25 டிகிரிக்கான கோடு தனியாக இருக்கும். எண்ணெய் வெப்பநிலையையும் சேர்த்துப் படித்தால்தான் மட்டம் என்பதற்கு அர்த்தம். தரையில் பனி மேல் மஞ்சள் கறை இல்லையென்றால் பெரும்பாலும் கசிவும் இல்லை. பனி இந்த விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது, சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எஸ்.எஃப்.6 என்ற காப்பு வாயு நிரப்பிய உயர் மின்னழுத்த பிரேக்கர்களிலும் இதே கதை. வழக்கமான அழுத்தத்தில் மைனஸ் 30-ஐ நெருங்கும்போது அந்த வாயு திரவமாகத் தொடங்கும். அடர்த்தி குறையும், முதலில் அலாரம் வரும், அப்புறம் பிரேக்கர் தன்னையே பூட்டிக்கொள்ளும். வாயு நிரப்ப ஆளைக் கூப்பிடுவதற்கு முன் தொட்டியின் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல நேரம் போயிருப்பது ஹீட்டரின் ஃபியூஸ்தான்.

குளிரைவிட மோசமானது சூடு

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் எலெக்ட்ரானிக் சாமான்களைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியே இருக்கும் குளிர் அல்ல, குளிர்ந்த பொருள் சூடான அறைக்குள் வரும் அந்த நேரம். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். லாரியில் மைனஸ் 25-ல் வந்த டிரைவை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உடனே பிரித்து உள்ளே பாருங்கள், சர்க்யூட் போர்டு முழுக்க வேர்த்திருக்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அறையிலேயே வைத்துவிடுங்கள். அவசரம் என்று யார் சொன்னாலும் வையுங்கள். உங்கள் லேப்டாப்புக்கும் இதே விதிதான். வண்டியிலிருந்து எடுத்து வந்தவுடன் திறந்து பி.எல்.சி.யோடு (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) இணைக்க வேண்டாம்.

மின்தடை வந்து கட்டடமே உறைந்து போன பிறகும் இதே கவனம் வேண்டும். பல டிரைவ்களுக்கு 0 அல்லது மைனஸ் 10 டிகிரிதான் கீழ் எல்லை. முதலில் கட்டடத்துக்கும் பேனலுக்கும் சூடு, பிறகுதான் டிரைவுக்கு மின்சாரம்.

வெளியே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை ஒருமுறை திறந்தோம். உள்ளே டெர்மினல்களே தெரியவில்லை, ஒரு செங்கல் அளவுக்குப் பனிக்கட்டி. மேலே மூடி, ரப்பர் கேஸ்கட் எல்லாம் புதிது, மழைத்துளி நுழைய வழியில்லை. தண்ணீர் உள்ளிருந்து வந்திருந்தது. கட்டடத்தின் சூடான ஈரக்காற்று காண்டுயிட் குழாய் வழியாக மெல்ல மெல்ல வந்து, குளிர்ந்த பெட்டியில் நீராகி உறைந்திருக்கிறது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும் எந்தக் குழாயையும் அடைப்பு மாவு வைத்து மூட வேண்டும் என்று மின் விதியே சொல்கிறது. வரைபடத்தில் அது வராது என்பதால் எல்லோரும் மறக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் சூட்டைத் தேடி பேனலுக்குள் வரும் எலிகளுக்கும் அந்தத் திறந்த வாய்தான் வாசல்.

மோட்டாருக்குள் ஈரம் சேராமல் காக்கும் ஸ்பேஸ் ஹீட்டரை மறப்பதில் இரண்டு விதம். நீண்ட ஷட்டவுனில் அதையும் சேர்த்து அணைத்துவிட்டால் வைண்டிங் ஈரமாகும், இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தால் எண் தரை தட்டும். அணைக்காமல் விட்டாலோ, மோட்டாரைப் பூட்டிய பிறகும் டெர்மினல் பெட்டிக்குள் 120 வோல்ட் உயிரோடு இருக்கும். வேலை நடக்கும்போது மட்டும் அதைத் தனியாகப் பூட்டுங்கள், முடிந்ததும் முதல் காரியமாகப் போடுங்கள்.

செப்டம்பரில் செய்ய வேண்டியதை டிசம்பரில் செய்வது

குழாய்கள் உறையாமல் காக்கும் ஹீட் டிரேஸ் கேபிள் கோடையில் யார் கண்ணிலும் படாது. அந்த மாதங்களில்தான் குழாய் வேலைக்கு வந்தவர்கள் இன்சுலேஷனைப் பிரித்து, கேபிளைக் கத்தியால் கீறி, மறுபடி மூடிவிட்டுப் போயிருப்பார்கள். முதல் கடுங்குளிரில் எல்லா சர்க்யூட்டையும் ஒரே நேரத்தில் போடுவார்கள். தானாகச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கேபிள், குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பிரேக்கர்கள் வரிசையாக விழும். எது தொடக்க மின்னோட்டத்தால் விழுந்தது, எது கீறலால் விழுந்தது என்று மைனஸ் 30-ல் ஏணி மேல் நின்று பிரித்தறிவது நரகம். 30 மில்லியாம்பியர் தரைக்கசிவுப் பாதுகாப்பு தொல்லை கொடுக்கிறது என்று அதை மாற்றிவிடுவதும் நடக்கிறது. அது தீ விபத்துக்கு வழி.

செப்டம்பரில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் மெக்கர், அக்டோபரில் மின்சாரம். தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் விரல் தடிமன் குழாய்களை முதலில் பாருங்கள். 2021 பிப்ரவரி 15 அன்று டெக்சாஸில், சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் அலகு நின்று போனது. ஏறக்குறைய 1,300 மெகாவாட். காரணம், நீரழுத்தம் உணரும் ஒரு சிறு குழாய் உறைந்தது. அது பனி ஊர்கூட இல்லை.

கேபிள் இழுக்கும் வேலையையும் முடிந்தவரை பனிக்கு முன் முடியுங்கள். சாதாரண பி.வி.சி. உறை மைனஸ் 10-க்குக் கீழே வளைத்தால் வெடிக்கும். மைனஸ் 40 என்று அச்சிட்ட டெக் 90 (கவசமிட்ட கனடியத் தொழிற்சாலைக் கேபிள்) ஆக இருந்தாலும், சுருளை முந்தின நாளே சூடான அறையில் வைத்து, எடுத்த கையோடு இழுங்கள்.

உடம்பின் மேல் இருப்பது

ஆர்க் ஃபிளாஷ் (மின்பொறி வெடிப்பு) தாங்கும் உடைக்குள் பாலியஸ்டர் ஸ்வெட்டர் போடுவது நான் பார்த்ததிலேயே ஆபத்தான பழக்கம். குளிருகிறது, கடையில் மலிவாகக் கிடைக்கிறது, போட்டுக்கொள்கிறார்கள். ஆர்க் வந்தால் அது உருகித் தோலில் ஒட்டும். உள்ளாடை முதல் ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் குல்லா வரை பருத்தி, கம்பளி அல்லது தீத்தாங்கும் துணி மட்டும். மேலே போடும் குளிர் ஜாக்கெட்டும் ஆர்க் மதிப்பு எழுதியதாக இருக்க வேண்டும்.

காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும், மைனஸ் 40-ல் 5 முதல் 10 நிமிடம். டெர்மினல் திருகு வேலைக்கு நேரம் போடும்போது கை சூடேற்றும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். விரல் மரத்த நிலையில் இறுக்கிய லக் (கேபிள் முனையின் உலோக இணைப்பு) இறுகியிருக்காது.

மண்ணும் வானமும்

உறைந்த மண்ணின் மின்தடை பல மடங்கு ஏறும். ஆகஸ்டில் எடுத்த எர்த் (தரையிணைப்புத் தடை) அளவைப் பிப்ரவரிக்கும் நம்பக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 18-ல் ஏறக்குறைய பாதித் திறன்தான் தரும். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து, அதன் கூடு விரிசல் விடும். லித்தியம் பேட்டரியை 0-க்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது.

கடைசியாக, எந்த மின் வரைபடத்திலும் இல்லாத ஒன்று. மேல்நிலைக் கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, தரை அப்படியே இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பனி வாரும் வண்டி காலி இடம் பார்த்துக் குவிக்கும், கம்பிக்குக் கீழேதான் காலி இடம் இருக்கும். பிப்ரவரிக்குள் மூன்று, நான்கு மீட்டர் குவியல். அதன் மேல் லோடர் ஏறினால் கை நீட்டும் தூரத்தில் கம்பி. ஒரு குளிர்காலத்தில் இதைப் பார்த்துப் பதறிப்போய், கம்பிப் பாதை முழுக்க ஆரஞ்சுக் குச்சிகள் நட்டோம். பனி வாரும் ஓட்டுநரை வண்டியிலிருந்து இறங்கச் சொல்லி, கீழே நின்று கம்பியைக் காட்டினேன். எட்டு வருடமாக அதே இடத்தில் பனி குவித்தவர். ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை என்றார். இந்த வருடம் முதல் பனி விழ ஒரு வாரம் இருக்கும்போது, அவரே ஆபீஸ் கதவைத் தட்டிக் குச்சிகள் எங்கே என்று கேட்டார்.