இகுவானாவுக்கு முட்டை வேண்டாம்: புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் தீனித் தவறுகள்

மதுரைப் பக்கம் இகுவானா என்கிற பெரிய பல்லியை வளர்க்கிற இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அண்ணே, இவனுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்கண்ணே" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து என்ன சாப்பிட்டான்?" என்பதுதான். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். அழுகின இலையைப் போடாதே, தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவு என்பதெல்லாம் ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்லது என்று நினைத்தே செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முட்டையும் கறியும்

இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்து வருகிறவர் அதையே செய்துவிட்டு வந்து நிற்கிறார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பல்லி இனத்தில் பெரிய உருவம் என்றால் நம் ஊரில் உடும்புதான் நினைவுக்கு வரும். உடும்பு முட்டை தின்னும், எலி தின்னும், தவளை தின்னும். இகுவானா பார்க்க அதன் தம்பி மாதிரி இருப்பதால் அதற்கும் முட்டையை வைத்துவிடுகிறார்கள். வயிற்றை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பச்சை இகுவானாவின் தாயகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். அங்கே மரத்திலேயே இருந்துகொண்டு இலை தின்று வாழ்கிறது. தின்ற இலை பெருங்குடலில் தங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்த பிறகுதான் சத்தாக உடம்பில் சேர்கிறது. பனாமாவில் நடந்த ஆய்வில், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று அந்த நுண்ணுயிர்களைத் தங்கள் குடலுக்குள் ஏற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். "குட்டியா இருக்கப்ப புழு பூச்சி குடுக்கலாம், பெருசானதும் இலைக்கு மாத்திக்கலாம்" என்கிறவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பிறந்த குஞ்சே இலை தின்னத்தான் தயாராகிறது.

திருப்பரங்குன்றம் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் இகுவானாவுக்குத் தினமும் அவித்த முட்டை கொடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியில் ஒரு துண்டு. விற்ற கடையில் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்களாம். "கிடுகிடுன்னு வளந்துட்டாண்ணே" என்று பெருமையாகக் காட்டினார். வளர்ந்திருந்தது உண்மைதான். இந்தத் தவறில் எனக்குப் பயமே அதுதான். முதல் இரண்டு வருடம் எந்தக் குறையும் தெரியாது. நிறுத்தச் சொன்னேன், அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கொழுகொழுவென்று ஒரு பிராணி கண்முன்னே நிற்கும்போது யாருக்குத்தான் வரும்?

புரதம் செரித்த பிறகு யூரிக் அமிலம் மிஞ்சும். அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். இலை தின்று பழகிய இனத்தின் சிறுநீரகம் முட்டையும் கறியும் தருகிற சுமையை வருடக்கணக்கில் தாங்காது, ஒரு கட்டத்தில் கைவிரித்துவிடும். அடுத்த முறை அந்தத் தம்பியின் இகுவானாவைப் பார்த்தபோது வாலின் அடிப்பகுதி வற்றிப்போய், இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிந்தது. தண்ணீரில் வாயை வைத்தால் எடுக்கவில்லை. முன்னங்கால் விரல்கள் தாமாகவே வெடுக் வெடுக்கென்று இழுத்தன. பல நாளாக மலம் போகவில்லை. வீங்கிய சிறுநீரகம் இடுப்புக்குழிக்குள் குடலை நெரித்துக்கொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் எகிறிக் கிடந்தது. அந்த நிலைக்கு வந்த சிறுநீரகத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது. பதினைந்து வருடம் இருந்திருக்க வேண்டிய உயிர் நான்கு வயதில் போய்விட்டது. அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. தன் வீட்டுச் சமையலில் எது உசத்தியோ அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டு தப்பான தீனியைச் சொல்லி அனுப்பினார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

நாய்த்தீனி, பூனைத்தீனி, வெட்டுக்கிளி, புழு, பன்னீர் எல்லாம் இதே கணக்கில் சேரும். "வாரத்துக்கு ஒரு தடவதாண்ணே" என்பதும் வேண்டாம். அதற்கு வேண்டிய புரதம் இலையிலேயே இருக்கிறது.

கீரை எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு

வாசலில் வரும் கீரைக்கார அம்மாவிடம் தினம் ஒரு கட்டுப் பாலக்கோ தண்டுக்கீரையோ வாங்கிப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். சிறுநீரகத்தில் கல் இருப்பவரிடம் பாலக்கைக் குறைக்கச் சொல்வார்கள் அல்லவா? அதற்குக் காரணமான ஆக்சலேட் பாலக், தண்டுக்கீரை, பருப்புக்கீரை மூன்றிலும் நிறைய இருக்கிறது. அது இலையில் உள்ள கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. வெளியிலிருந்து கால்சியம் வராதபோது உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். கீழ்த்தாடை வீங்கும், தொட்டால் அமுங்கும். முதுகு கோணும். கூண்டுக்குள் சின்னதாக ஒரு குதி குதித்தாலே கால் ஒடியும்.

தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 100 கிராம் முருங்கைக்கீரையில் கால்சியம் சுமார் 440 மில்லிகிராம், பாஸ்பரஸ் 70. அகத்திக்கீரையில் கால்சியம் 1,130, பாஸ்பரஸ் 80. வாழைப்பழத்தில் கணக்கு தலைகீழ், பாஸ்பரஸ்தான் கூடுதல். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் திறந்த ஊர் இது. இங்கே இலைக்கு என்ன பஞ்சம்? அமாவாசையன்று மாட்டுக்குக் கொடுக்க விற்கிறார்களே, அந்த அகத்திக் கட்டிலேயே ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம்.

முருங்கை நல்லது என்றதும் முருங்கையை மட்டுமே போடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. ஒரே இலை என்றால் அதில் இல்லாத சத்து வருடம் முழுக்க இல்லாமலே போகும். நான் காலையில் முருங்கையை உருவி, இளசான செம்பருத்தி இலையைப் பொடியாக நறுக்கி, கிடைத்தால் மல்பெரி இலையும் சேர்ப்பேன். அகத்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதன் மேல் மஞ்சள் பூசணித் துருவல், நறுக்கிய பீன்ஸ் அல்லது கொத்தவரங்காய். பத்தில் எட்டுப் பங்கு இலை, மிச்சம்தான் மற்றதெல்லாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எப்போதாவது ஒரு சிட்டிகை போதும். இலையை அலசி, ஈரத்தோடு வையுங்கள். இகுவானா தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடிப் போவது குறைவு, இலை ஈரத்திலேயே பாதித் தாகம் தீரும்.

பழம்

பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பப்பாளி, அத்தி நல்லது.

சோறு, பிரெட், பிஸ்கட்

கூடவே கூடாது.

கடைப் பூ

சாமிக்குப் போட்ட மாலையைப் பிரித்துக் கூண்டில் போடுகிறார்கள். சந்தைப் பூவில் பூச்சிமருந்து இருக்கும். மாலையில் அரளி கலந்திருந்தால் இதயமே நின்றுவிடும். மருந்தடிக்காத வீட்டுச் செடியில் பறித்த செம்பருத்திப் பூவை மட்டும் கொடுங்கள்.

கண்ணாடி வழியே வெயில்

கணக்கில் சேராது. தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டுவதற்கு வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில், வலைக்கூண்டில், பாதி நிழல் இருக்கும்படி வையுங்கள். சித்திரை வெயிலில் நிழலில்லாமல் விட்டாலும், கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தாலும் செத்துப்போகும்.

ராத்திரித் தீனி

வேண்டாம். இலை செரிக்க உடம்பில் சூடு ஏற வேண்டும். காலையில் வெயில் காய்ந்தபின் கொடுத்தால் பகல் முழுக்க நேரம் இருக்கும். ஏசி அறையில் வளர்ப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"இலையத் தொடவே மாட்டேங்குறாண்ணே"

முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் பழகியது அப்படித்தான் செய்யும். பட்டினி போட்டுப் பணியவைக்கப் பார்க்காதீர்கள். முட்டையை அன்றைக்கே நிறுத்துங்கள். பழத்தை மசித்து இலையில் பிசறிக் கொடுத்து, வாரத்துக்கு வாரம் பழத்தைக் குறைத்து வாருங்கள். செம்பருத்திப் பூவின் சிவப்பைக் கண்டால் பெரும்பாலும் நாக்கை நீட்டும். அதை மேலே தூவினால் கூடவே இலையும் உள்ளே போகும். இரண்டு மூன்று நாள் ஒன்றையுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. யார் பார்ப்பார்கள் என்று இகுவானா வாங்குவதற்கு முன்பே விசாரித்து, நம்பரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.