குறும்படம் எடுப்பவர்களே, பனியைக் கொஞ்சம் விடுங்கள்

போன மாதம் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் முதல் குறும்படத்தை எடிட் செய்ய என்னிடம் கொண்டுவந்தார்கள். மலைப்பாதை, பனி, ட்ரோன், நடுவில் நடந்துபோகும் ஒரு பெண். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2013-ல் நானும் அப்படித்தான் முழித்தேன்.

ஃபோகஸ் போவது, கேமரா ஆடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. நாலு படம் எடுத்தால் தானே சரியாகிவிடும்.

வெயிலுக்காகக் காட்சியைப் பலி கொடுப்பது

என் படம் ஏற்காட்டில். மகனின் கடிதத்தை அப்பா படிக்கும் காட்சிதான் மொத்தக் கதையும். அதற்கு முன் அவர் மேடேறி வருவார். அதைச் சாயங்கால மஞ்சள் வெயிலில்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாகக் காத்திருந்து, பதினோரு டேக் போனேன். கடிதத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. ஒரே ஒரு வைட் ஷாட், அதில் முகமே தெரியாது. மறுநாள் காலை கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எடிட்டர் மேடேறும் ஷாட்டைப் பார்த்து "சூப்பர்ப்பா" என்றார். அப்புறம், "இவர் எதுக்கு ஏறுறாரு?" என்றார்.

மறுபடி ஏற்காடு, வேன், கேமரா வாடகை என்று பதினெட்டாயிரம் போனது. நடித்த பெரியவர் அதற்குள் மீசையை எடுத்திருந்தார். ஒட்டு மீசை வைத்து எடுத்தோம். க்ளோஸப்பில் அது நன்றாகவே தெரியும்.

இப்போதும் எரிச்சல் வருவது பணத்துக்காக இல்லை. மானிட்டரில் அழகான ஷாட் ஏதோ கதை சொல்வது போலவே இருக்கும், ஸ்பாட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். முன்னும் பின்னும் ஒட்ட ஒன்றுமில்லை என்பது எடிட்டில்தான் தெரியும்.

"அப்போ டேஸ் ஆஃப் ஹெவன்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 1978-ல் வந்த படம். கதை மெல்லியதுதான், ஒளிப்பதிவுக்கு நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் இயக்குநர் டெரன்ஸ் மாலிக் எடிட்டிங்கில் மட்டும் சுமார் இரண்டு வருடம் மல்லுக்கட்டினார். ஒரு சிறுமியின் குரலைப் பின்னணியில் ஓடவிட்ட பிறகுதான் படத்துக்குப் பிடி கிடைத்தது. உங்களுக்குப் போட்டியின் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை.

அதைவிட 'வீடு' (1988) பாருங்கள். இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் பாலு மகேந்திரா. கட்டி முடியாத வீட்டுக்குத் தாத்தா வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பார். வெறும் செங்கல் சுவர். அதற்காக அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நாம் பார்த்திருப்பதால், அது அவ்வளவு அழகாக இருக்கும்.

ட்ரோன்

ஒரு ஷாட் போதும்.

"கிரேடிங்கில் (பிறகு நிறம் திருத்தும்போது) பார்த்துக்கலாம்"

முடியாது.

பாட்டுப் போட்டு நிரப்புவது

பையன்களின் அடுத்த யோசனை இதுதான். வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை அவள் வீட்டுச் சமையலறையிலேயே உட்காரவைத்து, அவள் அம்மாவோடு ஒரே ஒரு காட்சி எடுத்துவரச் சொன்னேன்.

"அங்க பனி இருக்காதேண்ணா" என்றான் ஒருவன்.