தாடை மூட்டில் சீழ்: கோட்டை விடும் இடங்கள்

காதுக்கு முன்னால் வீக்கம், வாய் திறக்க முடியவில்லை என்றால் கடைவாய்ப் பல், காதுச் சீழ், பொன்னுக்கு வீங்கி என்றுதான் முதலில் தோன்றும். தாடை மூட்டுக்குள்ளேயே கிருமி புகுவது அபூர்வம். அதனாலேயே தவறவிடுகிறோம்.

காய்ச்சல் இல்லையே என்று ஒதுக்கிவிடக் கூடாது; பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதத்தைப் பாருங்கள். மூட்டுக்குள் நீர் கோத்தால் அந்தப் பக்கத் தாடை கீழே தள்ளப்படும், கடைவாய்ப் பற்கள் சேராது, முகவாய் மறுபக்கம் சாயும். "ஒரு பக்கம் பல்லு சேரமாட்டேங்குது" என்று நோயாளி சொன்னால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குச் சர்க்கரை, முடக்குவாதம், ஸ்டீராய்டு மாத்திரை, அண்மையில் மூட்டில் போட்ட ஊசி என ஏதாவது இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது) சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியடைவது அடுத்த தவறு. எலும்பு அரிப்பு அதில் தெரிய வாரங்கள் ஆகும். மூட்டு நீரையும் எலும்பு மஜ்ஜை வீக்கத்தையும் எம்ஆர்ஐ முன்னதாகவே காட்டும். சுற்றியுள்ள சீழ்க்கட்டியைப் பார்க்க கான்ட்ராஸ்ட் (சாய மருந்து செலுத்தி எடுக்கும்) சிடி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மூட்டு நீரை எடுக்காமலே ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவது. இரண்டு வேளை மருந்து போனாலே கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) கிருமி வளராமல் போகலாம். பிறகு எல்லாம் ஊகம்தான். காதின் முன்மடலுக்கு (காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு மேட்டுக்கு) 10 மி.மீ. முன்னால், கண்ணின் வெளி ஓரத்தையும் முன்மடலையும் இணைக்கும் கோட்டுக்கு 2 மி.மீ. கீழே, வாயைத் திறக்கவைத்து ஊசி செலுத்த வேண்டும். மூட்டின் மேல் அறையின் கொள்ளளவே ஒரு மி.லி. சொச்சம்தான், அரை மி.லி. வந்தாலும் வீணாக்காதீர்கள். கொஞ்சம் கிராம் ஸ்டெயினுக்கு (சாயமிட்டு நுண்ணோக்கியில் கிருமியைப் பார்ப்பதற்கு), மீதி கல்ச்சருக்கு. எதுவும் வராவிட்டால் சிறிது சலைன் செலுத்தி உறிஞ்சிப் பார்க்கலாம். நீரில் கவுட் போன்ற மூட்டு நோயின் படிகங்கள் தெரிந்தால்கூட கிருமி இல்லை என்று ஆகிவிடாது. நோயாளி செப்சிஸில் (தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்பட்ட ஆபத்து நிலையில்) இருந்தால் மட்டும் காத்திருக்க நேரமில்லை: ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து.

பெரும்பாலும் பிடிபடுவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். வாய்வழி அமாக்ஸிசிலினை மட்டும் கொடுத்து அனுப்பினால் அது அடங்காது. நரம்பு வழி மருந்து, எம்ஆர்எஸ்ஏ (வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ்) சந்தேகம் இருந்தால் வான்கோமைசின். கல்ச்சர் முடிவு வந்ததும் மாற்றலாம். மொத்தம் பல வாரங்கள் ஆகும், வலி குறைந்ததும் நிறுத்தக் கூடாது. சீழை உள்ளே விட்டு மருந்தை மட்டும் நம்பினால் குருத்தெலும்பு கரையும். மூட்டுக்குள் இரண்டு ஊசி வைத்து ரிங்கர் லாக்டேட் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும், கேட்காவிட்டால் ஆர்த்ரோஸ்கோபி (மூட்டுக்குள் சிறு கேமரா செலுத்திச் செய்யும் சிகிச்சை) அல்லது திறந்து வடித்தல். வலிக்கென்று மூட்டில் ஸ்டீராய்டு போடுவது ஆபத்து.

ஆரம்பத்தில் கூழ் உணவு, ஓய்வு. தொற்று தணிந்த பிறகும் வாயை அசைக்காமலே இருந்தால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறந்த நிலையில் மேல், கீழ் முன்பற்களின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதிவைத்து, சுமார் 40 மி.மீ.யை நோக்கிப் பயிற்சி தர வேண்டும். குழந்தையாக இருந்தால் தாடை வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால் வருடக்கணக்கில் பார்த்துவர வேண்டும்.