முதல் குளிர்காலமா? வீட்டுக் குழாய்களை அக்டோபரிலேயே கவனியுங்கள்

டொராண்டோ பக்கம் புதிதாக வருகிறவர்கள் ஜாக்கெட், பூட்ஸ், கார் டயர் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. உறைந்த பைப் ஒன்று வெடித்தால் பேஸ்மென்டில் வைத்திருக்கும் துணிமணி, கட்டில், சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் நனைந்து போகும். அதைத் தடுக்கப் பெரிய செலவு கிடையாது.

வீட்டுக்குள் வந்த முதல் வாரத்திலேயே மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஊரில் குழாய் உடைந்தால் மொட்டை மாடித் தொட்டி காலியானதும் தண்ணீர் தானாக நின்றுவிடும். இங்கே மேல்தொட்டி இல்லை. நகரக் குழாயிலிருந்து அழுத்தத்தோடு நேரே வீட்டுக்குள் வருகிறது. யாராவது மூடும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் பேஸ்மென்டில், தெருப் பக்கச் சுவரை ஒட்டி, தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் அந்த வால்வு இருக்கும். நீளக் கைப்பிடி என்றால் பைப்புக்குக் குறுக்காகத் திருப்பினால் மூடிவிடும். வட்டப்பிடி என்றால் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். பழைய வால்வு இறுகிப்போயிருந்தால் முறுக்கி உடைக்காமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். வாடகை வீடுகளில் அந்த வால்வு பூட்டிய அறைக்குள் இருப்பதும் உண்டு. அவசரத்துக்கு எப்படித் திறப்பது என்று வீட்டு ஓனரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது வெளிக்குழாய். கோடை முழுக்கக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஹோஸ் போட்டுத் தண்ணீர் விட்டிருப்பீர்கள். நிலம் உறையத் தொடங்கும் முன், அக்டோபர் கடைசிக்குள், அந்த ஹோஸைக் கழற்றி உள்ளே எடுத்து வையுங்கள். அப்புறம் பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் பைப்பைத் தேடி, அதிலிருக்கும் சின்ன வால்வை மூடுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்துவிடுங்கள். திரும்ப உள்ளே வந்து, வால்வின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பித்தளை மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் பைப்பில் தேங்கிய தண்ணீர் வடியும். கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். வடிந்ததும் மூடியை இறுக்கிவிட்டு, வெளிக்குழாயைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே விடலாம். சில வீடுகளில் உறையாத வகைக் குழாய் இருக்கும். ஹோஸ் மாட்டியே இருந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் அதுவும் வெடிக்கும். வெடித்தது மே மாதம் மறுபடி தண்ணீர் திறக்கும்போதுதான் தெரியவரும், அதுவும் சுவருக்குள்ளே.

வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது பைப் எப்படி உறையும் என்று பலரும் கேட்கிறார்கள். சூடு எல்லா மூலைக்கும் போவதில்லை. வெளிச்சுவரை ஒட்டிய சமையலறை சிங்க், கராஜ் கூரை, ஜன்னல் இடுக்கு இருக்கும் பேஸ்மென்ட் மூலை, இவைதான் ஆபத்தான இடங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பைப் பிளக்கும். அதனால் மைனஸ் 15, மைனஸ் 20 என்று அறிவிக்கும் ராத்திரிகளில் சிங்க் அடியில் இருக்கும் கதவுகளைத் திறந்து வைத்து, அந்தக் குழாயைப் பென்சில் பருமனுக்கு ஒழுக விடுங்கள். தண்ணீர் பில் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். திறந்து தெரியும் பைப்புகளுக்கு ஹார்ட்வேர் கடையில் ஃபோம் உறை கிடைக்கும், அதை மாட்டி இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள்.

காஸ் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் ஹீட்டரை அணைப்பது, ஆளில்லாத அறையின் காற்றுத் துவாரத்தை மூடுவது, இரண்டும் வேண்டாம். வாடகை வீட்டில் சூடாக்குவது ஓனரின் பொறுப்பு என்றால், ஒன்டாரியோ மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. இன்னொன்று: வீட்டின் பக்கச் சுவரில் பர்னஸுக்கான (வீட்டைச் சூடாக்கும் கருவிக்கான) வெள்ளை பிளாஸ்டிக் பைப்புகள் நீட்டிக்கொண்டிருந்தால், பனி கொட்டும்போதெல்லாம் அவற்றின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் பர்னஸ் நின்றுவிடும், பின்னாலேயே பைப்பும் உறையும்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், குறைந்தது 15 டிகிரியில் விடுங்கள். மெயின் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ரேடியேட்டரில் சுடுநீர் ஓடும் பழைய வீடு என்றால், தண்ணீரை மூடும் முன் பிளம்பரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அடிக்கடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வெளியே இருந்தால் தினமும் ஒருவர் பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்று பல வீட்டு இன்சூரன்ஸ் பாலிசிகளில் நிபந்தனை உண்டு. போகும் முன் உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், அது உறைந்திருக்கலாம். குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டுங்கள். நெருப்புப் பக்கமே போகாதீர்கள், வீடே பற்றிக்கொள்ளும். விரிசல் கண்ணில் பட்டால் உடனே மெயினை மூடுங்கள், பைப்புக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகும்போதுதான் தண்ணீர் பீறிடும். வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லையென்றால் நிலத்தடிக் குழாயே உறைந்திருக்கக்கூடும். 2015 பிப்ரவரிக் குளிரில் டொராண்டோவில் பல வீடுகளுக்கு அப்படி நடந்தது. டொராண்டோ நகரத்துக்குள் இருந்தால் 311-ஐ அழையுங்கள், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் நகரத்தின் தண்ணீர் அவசர எண்ணைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.