போக்கிமான் எமரால்டு: ரூபியை நம்பி இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போக்கிமான்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் வீடியோ கேம்களான ரூபி, சஃபையர் இரண்டும் 2002-ல் ஜப்பானில் வந்தன. அவை நடக்கும் ஹோயன் என்ற அதே கற்பனைப் பகுதியை எடுத்து, கதையை மாற்றி, இறுதிக்குப் பிறகும் விளையாடப் பெரிய இடம் ஒன்றைச் சேர்த்து, 2004-ல் ஜப்பானிலும் 2005-ல் அமெரிக்காவிலும் எமரால்டு வெளியானது. 'ரூபியை முடித்தாயிற்று, இதுவும் அதேதானே' என்ற நினைப்புதான் இதில் நடக்கும் பாதித் தவறுகளுக்குக் காரணம். மீதி, புதிய போக்கிமான் கேம்களின் பழக்கத்தோடு இங்கே வருவதால் நடப்பவை.

முதலில் சாம்பியன், அதாவது லீக் என்ற இறுதிப் போட்டியின் கடைசி எதிரி. ரூபியில் கடைசியில் நிற்பவர் ஸ்டீவன். அவருடைய ஸ்டீல் வகை டீமை நினைத்து ஃபயர், கிரவுண்ட் என்று ஆளைத் திரட்டிக்கொண்டு போனால், எமரால்டில் அந்த அறையில் வாலஸ் நிற்பார். வெய்லார்ட், டென்டக்ரூயல், லூடிகோலோ, விஸ்கேஷ், கியாரடோஸ், மைலோட்டிக் என ஆறும் வாட்டர் வகை. நல்ல கிராஸ் வகை ஒன்றும் எலக்ட்ரிக் வகை ஒன்றும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஸ்டீவன் எங்கும் போய்விடவில்லை. லீக் முடிந்தபின் மீட்டியோர் ஃபால்ஸ் குகைக்குள் 75-ம் அதற்கு மேலுமான லெவல்களோடு காத்திருக்கிறார். ஆட்டத்திலேயே கடினமான சண்டை அதுதான் என்பேன்.

லீக்குக்கு முன் வெல்ல வேண்டிய ஜிம் அரங்குகளில் ஏழாவதும் மாறியிருக்கிறது. அதன் தலைவர்கள் டேட், லைசா இருவரும் இப்போது நான்கு போக்கிமான்களோடு வருகிறார்கள். இரட்டைச் சண்டை என்பதால் வாட்டர் வகை சர்ஃப் இங்கே பொன்னான மூவ் (போக்கிமானின் தாக்குதல்). இந்தத் தலைமுறையில் அது எதிரிகள் இருவரையும் அடிக்கும், பக்கத்தில் நிற்கும் நம் ஆளைத் தொடாது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் ரெஜிராக், ரெஜிஐஸ், ரெஜிஸ்டீல் என்ற மூன்று அரிய போக்கிமான்களின் புதிர். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பல ரூபிக்காக எழுதப்பட்டவை. அதைப் படித்துவிட்டு, கடலடியில் இருக்கும் சீல்டு சேம்பரில், டீமில் ரெலிகாந்தை முதலிலும் வெய்லார்டைக் கடைசியிலும் வைத்து நின்றால் கதவு அசையாது. எமரால்டில் வரிசை தலைகீழ்: வெய்லார்ட் முதலில், ரெலிகாந்த் கடைசியில். கதவு திறந்தபின் வரும் மூன்று குகைகளும் அப்படியே மாற்றப்பட்டவை. ரெஜிராக் குகையில் ரூபியில் ஸ்ட்ரெங்த் வேண்டும், இங்கே ராக் ஸ்மாஷ். ரெஜிஸ்டீலுக்கு அங்கே ஃப்ளை, இங்கே ஃப்ளாஷ். ரெஜிஐஸ் குகையில் அங்கே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இங்கே நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான், ஏனென்றால் சுவரை ஒட்டி முழுச் சுற்று நடக்க வேண்டும். சுவரில் பொறித்திருக்கும் ப்ரெயில் எழுத்துகள் சரியான வழியைச் சொல்லிவிடுகின்றன. வழிகாட்டியை விட அவற்றைப் படிப்பது நல்லது, சுகமும் அதில்தான்.

இனி, புதிய கேம்களிலிருந்து வருபவர்களுக்கு. ஒரு மூவ் போக்கிமானின் அட்டாக் எண்ணைப் பயன்படுத்துமா, ஸ்பெஷல் அட்டாக் எண்ணைப் பயன்படுத்துமா என்பது இப்போது ஒவ்வொரு மூவுக்கும் தனித்தனி. அந்த மாற்றம் 2006-ல் டயமண்ட், பேர்ல் கேம்களில்தான் வந்தது. எமரால்டில் வகைதான் முடிவு செய்யும். ஃபயர், வாட்டர், கிராஸ், எலக்ட்ரிக், ஐஸ், சைக்கிக், டிராகன், டார்க் எல்லாம் ஸ்பெஷல், மற்றவை ஃபிசிக்கல், அதாவது அட்டாக் எண்ணில் அடிப்பவை. இதன் விளைவை ஆப்சாலிடம் பாருங்கள். அதன் அட்டாக் 130, பார்த்தாலே பிடிக்கத் தோன்றும். ஆனால் அதன் சொந்த டார்க் மூவ்கள் 75 ஸ்பெஷல் அட்டாக்கில்தான் அடிக்கும். கியாரடோஸ் கதையும் இதுதான்: அட்டாக் 125, ஆனால் அதன் சர்ஃப் வெறும் 60-ல் ஓடும். இந்த இரண்டையும் ஒதுக்கச் சொல்லவில்லை. நார்மல், ஃப்ளையிங், கிரவுண்ட், ராக் மூவ்களைக் கொடுத்துப் பாருங்கள், வேறு ஆளாகிவிடும்.

மூவ் கற்றுத்தரும் டிஎம்கள் இங்கே ஒரே முறைதான். ஸீஃப்ளோர் கேவர்னில் கிடைக்கும் எர்த்க்வேக்கை, போகிற போக்கில் பாதியில் கழற்றிவிடப் போகும் போக்கிமானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வழியில் தடைகளைத் தாண்ட உதவும் ஹெச்எம் மூவ்களை மறக்கடிக்க லிலிகோவ் நகரத்து மூவ் டிலீட்டரிடம்தான் போக வேண்டும். அதனால் கட், ராக் ஸ்மாஷ், ஸ்ட்ரெங்த், சர்ஃப் நான்கையும் ஒரு லினூனிடம் சுமத்திவிட்டு மற்றவர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒன்றைத் தேடிப் புல்லுக்குள் அலைவதற்கு முன், அது இந்தக் கேமில் உண்டா என்று பாருங்கள். மெடிடைட், ரோஸிலியா, ஸாங்கூஸ், லூனாடோன் எதுவும் எமரால்டின் புல்லிலோ குகையிலோ தென்படாது. டிரேடு செய்துதான் வாங்க வேண்டும்.

எந்தப் போக்கிமானையும் தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ரேக்வாசா மீது வீசாதீர்கள். லெவல் 70, பிடிக்கக் கஷ்டம்தான். ஆனால் அது ஸ்கை பில்லர் உச்சியில் நிற்கும், ஓடாது. சண்டைக்கு முன் சேவ் செய்துவிட்டு அல்ட்ரா பால்களோடு பொறுமையாக மோதலாம். சாம்பியன் ஆனபின் வீட்டில் அம்மா, டிவியில் சொன்ன நிறம் எது என்று கேட்பார். அவசரத்தில் பட்டனை அழுத்திவிடாதீர்கள். சிவப்பு என்றால் லாட்டியாஸ், நீலம் என்றால் லாட்டியோஸ் ஹோயன் முழுக்கச் சுற்றத் தொடங்கும்; பதிலை அப்புறம் மாற்ற முடியாது. கண்ணில் பட்ட மறுகணம் ஓடிவிடும் அதற்குத்தான் மாஸ்டர் பால்.

பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். தொடக்கத்தில் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று செய்தி வந்தால் சேவ் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இதில் சேவ் இருப்பது ஃப்ளாஷ் மெமரியில். பேட்டரி ஓட்டுவது கடிகாரத்தை மட்டும். அது நின்றால் பெர்ரி வளராது, ஷோல் கேவில் கடல் ஏறி இறங்காது, அவ்வளவுதான். கிறிஸ்டல் போன்ற இரண்டாம் தலைமுறை கேம்களில்தான் பேட்டரி போனால் சேவும் போகும்.

கடைசியாக பேட்டில் ஃப்ரான்டியர், தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெரிய இடம். ஏழு அரங்குகள், ஏழுக்கும் வெவ்வேறு விதி. பேட்டில் பேலஸில் மூவைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை, போக்கிமானின் நேச்சர், அதாவது அதன் குணம். பேட்டில் ஃபாக்டரியில் உங்கள் ஆட்களே கிடையாது, வாடகைக்குத் தருவதை வைத்துத்தான் ஆட வேண்டும். இங்கே பெரிய தவறு லெவலில் நடக்கிறது. புதிய கேம்கள் உயர்ந்த லெவலைத் தாமாகவே 50-க்கு இறக்கிக்கொள்கின்றன. எமரால்டு இறக்காது, 51 ஆனாலே லெவல் 50 பிரிவின் வாசல் மூடிவிடும். ஓப்பன் லெவலுக்குப் போனால் எதிரிகள் குறைந்தது 60-ல் இருப்பார்கள். ரேக்வாசாவுக்கு எந்தப் பிரிவிலும் அனுமதி இல்லை. லாட்டியாஸ், லாட்டியோஸ் இரண்டுக்கும் உண்டு, கிடைக்கும்போது அவை லெவல் 40-ல்தான் இருக்கும். ஆகவே ஃப்ரான்டியருக்கென்று வளர்க்கும் மூவரையும் 50 தொட்டவுடன் நிறுத்திப் பெட்டியில் போடுங்கள். தொடர் நடுவில் எழுந்துபோக வேண்டியிருந்தால், சண்டைகளுக்கு இடையில் வரும் இடைநிறுத்தத்தில் சேவ் செய்துவிட்டே அணையுங்கள். சேவ் செய்யாமல் அணைத்தால் அதுவரை சேர்த்த வெற்றி வரிசை அங்கேயே முடிந்தது.